திரும்பத் திரும்ப வரும் குளிர்காய்ச்சல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆண்டில் சில முறை நடுக்கத்தோடு காய்ச்சல் கண்டு, தொடையிடுக்கில் நெறி கட்டி, கால் சிவந்து வீங்கிச் சில நாட்களில் தணிந்துவிடும் நோய், பட்டுக்கோட்டை, கும்பகோணம் உள்ளிட்ட காவிரிப் பாசனப் பகுதி நெடுங்காலமாக அறிந்த ஒன்றாகும். காய்ச்சல் தானாகவே தணிந்துவிடுவதால் அதன் காரணத்தைத் தேடும் முயற்சியும் பாதியில் நின்றுவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் கால் முன்பைவிடச் சற்றே பருத்துப்போவதால், இது பெரும்பாலும் யானைக்கால் நோயின் தாக்குதல் என்பது தாமதமாகவே உணரப்படுகிறது.

நம்பிக்கை: அமாவாசையும் பௌர்ணமியும் இக்காய்ச்சலைக் கொண்டுவருகின்றன.
உண்மை: நிலவின் வளர்பிறை, தேய்பிறைக்கும் இத்தாக்குதலுக்கும் தொடர்பில்லை. அந்நாட்களை ஒட்டி வந்த காய்ச்சல் நினைவில் தங்குகிறது, மற்ற நாட்களில் வந்தது மறக்கப்படுகிறது என்பதே இந்நம்பிக்கையின் அடிப்படை. தாக்குதல் உண்மையில் மிகுவது, பாதம் ஈரத்திலேயே ஊறிக் கிடக்கும் மழைக்காலத்தில்தான்.

நம்பிக்கை: வயல் தண்ணீரும் சேறுமே யானைக்காலை உண்டாக்குகின்றன.
உண்மை: நோயின் மூலம் வுச்சரேரியா பான்கிராஃப்டி என்னும் நூல்போன்ற புழு; அதைப் பரப்புவது கியூலெக்ஸ் வகைக் கொசு. இக்கொசு பெருகுவது நெல் வயலைவிடச் சாக்கடையிலும், மூடாத கழிவுநீர்த் தொட்டியிலும், அழுக்கு நீர் தேங்கும் குழிகளிலும்தான். பல மாதங்கள், ஆண்டுகள் தொடர்ந்து கடிபடும்போது உடலில் சேரும் புழுக்கள் நிணநீர்க் குழாய்களில், அதாவது திசுக்களில் கசியும் நீரை வடித்து இரத்தத்துக்குத் திருப்பும் மெல்லிய குழாய்களில், தங்கி அவற்றைச் சிதைக்கின்றன. குழந்தைப் பருவத்தில் தொற்றியது நடுவயதில் வீக்கமாக வெளிப்படுவதும் உண்டு என்பதால், காரணமும் விளைவும் ஒன்றோடொன்று தொடர்பற்றவையாகத் தோன்றுகின்றன.

நம்பிக்கை: இரத்தப் பரிசோதனையில் புழு இல்லையென்றால் இது யானைக்கால் அல்ல.
உண்மை: புழுவின் நுண்குஞ்சுகள் இரவில்தான், குறிப்பாக 10 மணி முதல் 2 மணி வரை, மேற்பரப்பு இரத்தத்தில் மிகுதியாக உலவுகின்றன, எனவே பகலில் எடுத்த இரத்தப் பூச்சில் அவை தென்படாமல் போகலாம். கால் வீங்கிய பலரிடம் இரவு இரத்தத்திலும் அவை இருப்பதில்லை, ஏனெனில் புழு மடிந்த பின்னும் அது விட்டுச்சென்ற சிதைவு நிலைத்துவிடுகிறது.

நம்பிக்கை: ஒவ்வொரு காய்ச்சலையும் புழுவே உண்டாக்குவதால், புழுவைக் கொல்லும் மாத்திரை தின்றால் போதும்.
உண்மை: காரணத்தேடல் பெரும்பாலும் வழிதவறுவது இங்கேதான். மடியும் புழுவாலும் சில தாக்குதல்கள் நேர்வதுண்டு. எனினும் வீங்கிய காலில் மீண்டும் மீண்டும் வருபவற்றுள் பெரும்பாலானவை, விரலிடுக்கிலுள்ள சேற்றுப்புண், பித்தவெடிப்பு, கீறல் ஆகியவற்றின் வழியே நுழையும் பாக்டீரியாக்களால் வருபவை. வடிகால் சிதைந்த காலில் அவற்றை எதிர்க்கும் ஆற்றல் குறைந்திருப்பதால் சிறு புண்ணும் பெருங்காய்ச்சலாகிறது. ஆகவே சேற்றைக் குறைகூறிய பழைய நம்பிக்கையில் ஒரு பாதி உண்மை உண்டு: சேறு புழுவைத் தருவதில்லை, ஆனால் தாக்குதலுக்கு வாசல் திறந்துவிடுகிறது. ஆலப்புழை திருமலை தேவசுவம் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1999-இல் வெளியான ஆய்வில், பாதத்தை முறையாகப் பராமரித்த நோயாளிகளுக்குத் தாக்குதல்கள் குறைந்தன. டிஇசி என்னும் புழுக்கொல்லி மருந்து அத்தடுப்பில் குறிப்பிடத்தக்க பங்கு வகிக்கவில்லை. டிஇசி, அல்பெண்டசோல் ஆகியவை அரசு முகாம்களில் வழங்கப்படுவது நோய் பிறருக்குப் பரவுவதைத் தடுப்பதற்காக. அப்பணியில் அவை இன்றியமையாதவை.

நடவு முடிந்து கரையேறியதும் காலைச் சோப்பும் நல்ல தண்ணீரும் கொண்டு கழுவி, விரலிடுக்கை ஈரமின்றித் துடைத்து, சேற்றுப்புண்ணுக்கு மருத்துவர் தரும் களிம்பைப் பூசி, உறங்கும்போது காலைச் சற்று உயர்த்தி வைப்பதே தாக்குதல்களைக் குறைக்கும் வழி. காய்ச்சல் கண்ட நாளில் காலை உருவிவிடுவதும் சூட்டு ஒத்தடம் கொடுப்பதும் கூடாது. நடுக்கத்தோடு வரும் காய்ச்சல் மலேரியா, சிறுநீர்த் தொற்று முதலியவற்றாலும் வரக்கூடும் என்பதால், அது தணியும்வரை காத்திராமல், கால் சிவந்திருக்கும்போதே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுவது நல்லது.