முதலில் கடை, பிறகு வகுப்பு

திருமங்கலம்

அன்புள்ள தங்கைக்கு,

பி.காம். முடித்த கையோடு தொழில்முனைவோர் பயிற்சியில் சேர்ந்து, அந்தச் சான்றிதழை வைத்து வங்கிக் கடன் வாங்கி, ஊரிலேயே குதிரைவாலி அரைக்கும் ஆலை போடலாமா என்று கேட்டிருக்கிறாய். பேரையூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு கரிசல் கிராமத்திலிருந்து இப்படி ஒரு கேள்வி வருவதே சந்தோஷம்தான். உன் வயதுக்காரர்கள் பலருக்கும் கப்பலூர் சிட்கோவுக்கோ திருப்பூருக்கோ பஸ் ஏறுவதுதான் முதல் யோசனை. பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. வரிசைதான் தப்பு என்கிறேன். முதலில் வகுப்பு, அடுத்து கடன், அதற்கப்புறம் கடை என்பது அலுவலகப் படிவத்தின் வரிசை. வியாபாரத்தில் நின்று காட்டியவர்கள் பெரும்பாலும் வேறு வரிசையில் வந்தார்கள். முதலில் அடுத்தவர் கடையில் வேலை, பிறகு கடனுக்குச் சரக்கு எடுத்துச் சில்லறை வியாபாரம், கடைசியில் சொந்தக் கடை. வகுப்புக்குப் போவதென்றால் கடை நடக்கும்போது போனார்கள்.

இதற்குச் சாட்சி தேட வெளியூர் போக வேண்டியதில்லை. நீ சாமான் வாங்க வரும் திருமங்கலமே பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கிலிருந்து வந்த நாடார் வணிகர்கள் வேரூன்றிய ஆறு ஊர்களில் ஒன்று. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, சாத்தங்குடி ஆகியவை மற்ற ஐந்து. மாட்டுவண்டியில் சரக்கு ஏற்றி வந்தவர்கள் திருடர் பயத்துக்குச் சுவர் எழுப்பிப் பேட்டை கட்டினார்கள். பேட்டையில் இறங்கும் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை பிரித்தார்கள். அந்தப் பணத்தை அவர்களின் சாதிச் சங்கமான உறவின்முறை நிர்வகித்தது. காவல், கிணறு, கோயில், பள்ளி எல்லாவற்றுக்கும் அதுதான் முதல். விருதுநகரில் வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கி நடத்திய சத்திரிய வித்யாசாலை 1889-இல் தொடங்கியது. காமராஜர் படித்தது அங்கேதான். தொழில் கற்றுக்கொடுக்கும் இடமோ கடை. ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்ததும் பையனை உறவுக்காரர் கடையில் விடுவார்கள். பொட்டலம் மடிப்பான், எடை போடுவான், சிட்டை எழுதுவான், நிலுவை வசூலுக்கு நடப்பான். கல்லாவில் உட்காருவது எல்லாவற்றுக்கும் கடைசி. 1922-இல் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் போனதும் இதே வழியில்தான். தொழில் நடக்கும் இடத்துக்கே போய்க் கற்று வந்து, அடுத்த வருஷம் சொந்த ஊரில் தொடங்கினார்கள்.

அந்தக் கடைப் பையன் கற்றுக்கொண்டது துணிச்சல் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் கற்றுக்கொண்டது யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பதை. சித்திரையில் வாங்கித் தையில் அறுத்துக் கொடுப்பவர் யார், வாரச் சந்தை முடிந்ததும் கொடுப்பவர் யார், கேட்டால் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறவர் யார் என்று ஆளுக்கு ஆள் மாறும் கணக்கு அது. நீ பி.காமில் பற்று வரவு படித்திருக்கிறாய். ஐந்தொகையும் போடத் தெரியும். பேரேட்டில் வரவேண்டிய கடன் என்று ஒரு வரியாக இருப்பது வராத கடனாக மாறும் நாள் எது என்பதைப் பாடப் புத்தகம் சொல்லாது. லாபம் இருந்தும் கையில் காசில்லாமல் மூடிய கடைகள் நம் பக்கம் எத்தனையோ. டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கடைசிக் காலத்தைக் கழித்த ஜே.சி. குமரப்பா, கிராமத் தொழில்களுக்காக வாதாடியவர், அடிப்படையில் ஒரு தணிக்கையாளர். கிராமத் தொழில் என்றதும் ராட்டையை நினைப்பவர்கள் அந்தக் கணக்கு நோட்டை மறந்துவிடுகிறார்கள்.

மனத்துணிவை வகுப்பில் ஊட்ட முடியும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதே என்று நீ கேட்கலாம். இருக்கிறது, நல்ல ஆதாரம்தான். அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் 1964-இல் ஆந்திரத்துக் காக்கிநாடா வியாபாரிகளுக்குச் சாதிக்கும் உந்துதலை வளர்க்கும் பயிற்சி கொடுத்தார். பயிற்சி பெற்றவர்கள் பிறகு சுறுசுறுப்பாகத் தொழிலை விரித்தார்கள் என்று அவர் குழு காட்டியது. ஆப்பிரிக்காவில் டோகோ நாட்டின் லோமே நகரில் 1,500 சிறு தொழில் நடத்துவோரிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. வழக்கமான வணிகப் பயிற்சி பெற்றவர்களிடம் உறுதியாகச் சொல்லும்படி லாபம் கூடவில்லை. தானாக முன்வந்து செய்யும் மனப்பாங்கைப் பழக்கிய பயிற்சியோ லாபத்தை 30 விழுக்காடு கூட்டியது. ஆனால் ஒன்றைக் கவனி. காக்கிநாடாவிலும் லோமேயிலும் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்கள். காலையில் கேட்டதை மாலையில் தன் கடையில் செய்து பார்க்க முடிந்தது. கடையே இல்லாத இருபத்தொரு வயதுப் பிள்ளைக்கும் அதே மருந்து வேலை செய்யும் என்று அந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது.

கடை இல்லாதவர்களை வைத்தும் பார்த்திருக்கிறார்கள். இலங்கையில் கொழும்பு, கண்டிப் பகுதிகளில் தொழில் தொடங்க விரும்பிய பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, சிலருக்கு ரொக்கமும் சேர்த்துக் கொடுத்தார்கள். முடிவுகள் 2014-இல் வெளிவந்தன. பயிற்சி பெற்றவர்கள் சீக்கிரம் தொடங்கினார்கள். ஆனால் நாளடைவில் பயிற்சி இல்லாதவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குத் தொடங்கிவிட்டார்கள். புதிதாகத் தொடங்கியவர்களின் லாபத்துக்குப் பயிற்சி உதவியது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆக வகுப்பு வீண் இல்லை, அதனால் மட்டும் கடை முளைப்பதும் இல்லை. கர்நாடகத்து உஜிரேயில் 1982-இல் தொடங்கிய ருட்செட் பயிற்சி நிலையம் இதை அனுபவத்தில் கண்டுகொண்டது போலும். அந்த மாதிரியில் பிறகு நாடெங்கும் மாவட்டங்களில் வந்த ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் வகுப்பு சில வாரம்தான். ஆளைப் பின்தொடர்ந்து கைகொடுக்க வேண்டிய காலம் இரண்டு வருஷம். சேருவதென்றால் அந்த இரண்டு வருஷத்துக்காகச் சேர். சுவரில் மாட்டும் சான்றிதழை ஒரு காரணமாக வைக்காதே.

இன்னொரு ஆட்சேபணை இதைவிடக் கனமானது. மகமையும் உறவின்முறையும் ஒரு சாதிக்குள் ஓடிய பணம். அந்த வட்டத்தில் பிறக்காதவள், அதுவும் பெண், எங்கே போவாள்? நியாயமான கேள்வி. மகமை பிரித்தவர்களும் அப்போது மேல்தட்டு இல்லை. கோயிலுக்குள் விடாமல் தடுக்கப்பட்டவர்கள். கமுதிக் கோயில் வழக்கு பிரிவி கவுன்சில் வரை போய் 1908-இல் அவர்களுக்கு எதிராக முடிந்தது. ஆனாலும் அந்த வட்டத்துக்கு வெளியே இருந்த கூலிக்காரருக்கு அதிலே இடமில்லை என்பது மாறாது. நான் பார்ப்பது அதன் அமைப்பை: ஆளை நேரில் அறிந்தவர்கள் சேர்த்த பொது முதல், திருப்பிக் கட்டாவிட்டால் முகம் பார்க்க முடியாத நெருக்கம். இதற்குச் சாதி வேண்டியதில்லை என்பதை இதே மதுரை மாவட்டத்தில் 1990-இல் தொடங்கிய களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழு இயக்கம் காட்டியது. அழகர்கோவில் பக்கத்துக் கூலி விவசாயி சின்னப்பிள்ளை அதன் தலைவியாக வளர்ந்தவர். விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ வந்தது. களஞ்சியக் கடன் எல்லாம் வியாபாரத்துக்குப் போனது என்று சொல்ல மாட்டேன். வைத்தியச் செலவும் கந்துவட்டியிலிருந்து மீள்வதும் அதிலே உண்டு. கந்துவட்டியில் மாட்டிய வீட்டிலிருந்து யாரும் கடை தொடங்கிவிட முடியாது, ஆகவே அதையும் தொழிலுக்கான முதல் படியாகத்தான் எண்ணுகிறேன். கடையில் விட்டுக் கற்பிப்பது குழந்தை உழைப்பாகச் சீரழியவில்லையா என்றும் கேட்பார்கள். சீரழிந்தது. சிவகாசிப் பிள்ளைகளைப் பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அதனால்தான் பட்டம் வாங்கிய வயதில், சம்பளம் பேசி, கெடு வைத்துப் போ என்கிறேன்.

இனி உன் ஆலை. குதிரைவாலி நெல்லைப் போல லேசில் உமி விடாது. தானியம் சிறிசு, உமி கெட்டி. முதலில் கல்லும் மண்ணும் நீக்க வேண்டும். ஈரம் இருந்தால் உமி கழலாது, காய்ந்து முறுகினால் குருணையாக நொறுங்கும். ஒரு ஓட்டில் கழலாததைப் பிரித்து மறுபடி விட வேண்டும். இயந்திரம் விட்டதைச் சொளகுதான் பிடிக்கும். 100 கிலோவுக்கு 60, 65 கிலோ அரிசி வந்தால் நல்ல அரவை. தவிட்டோடு விட்டால் சத்து, ஆனால் சீக்கிரம் காறல் அடிக்கும். தீட்டினால் வெள்ளையாக இருக்கும், சிறுதானியம் தேடி வருகிறவர் முகம் சுளிப்பார். எந்த அரிசி விற்கும் என்பதை இயந்திரம் விற்கிறவர் சொல்ல மாட்டார், மண்டிக்காரர் சொல்வார். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் ஊரகப் பெண்ணுக்கு 35 விழுக்காடு மானியம், கைக்காசு 5 விழுக்காடு போதும் என்பது உண்மைதான். ஆனால் மானியம் மூன்று வருஷம் உன் பெயரில் வங்கி வைப்பாகக் கிடக்கும். தொழில் நடந்தால்தான் கடனில் வரவாகும். இடையில் தவணை கட்ட வேண்டியது நீ.

விதைப்பு முடிந்திருக்கும், தையில் தானியம் களத்துக்கு வரும். அதுவரை இங்கே தானியம் கைமாறும் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதும் வேலை கேள். பெண் பிள்ளைக்கு மண்டியில் என்ன வேலை என்று உன் அப்பா தயங்கினால், பி.காம். படித்த பிள்ளை கணக்குதானே எழுதப் போகிறது என்று சொல். தையில் உங்கள் ஊரில் இரண்டே மூட்டை வாங்கு. கூலிக்கு அரைத்துத் தரும் ஆலையில் கொடுத்து, பாதியைத் தீட்டியும் பாதியைத் தவிட்டோடும் வாங்கு. மூன்று கடைகளில் கடனுக்குப் போட்டுப் பார். எது முதலில் தீர்ந்தது, யார் எத்தனை நாளில் பணம் கொடுத்தார்கள் என்று தேதியோடு எழுதி அனுப்பு. திட்ட அறிக்கையில் என்ன தொகை போடுவது என்பதை அந்தத் தாளை வைத்துக்கொண்டு பேசுவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்