செட்டிக்குளத்தின் அடி தெரியுமா?

கேள்வி: செஞ்சிக் கோட்டையை ட்ரோன் லேசரால் அளந்தால், கோட்டைக்குள் இருக்கும் செட்டிக்குளத்தின் அடியும் தெரியுமா?

பதில்: தெரியாது. கோட்டையின் ராஜகிரி மலைப் புதர்களின் இலை இடுக்கில் நுழைந்து மதிலைத் தொட்டுத் திரும்பும் அகச்சிவப்பு லேசரைத் தண்ணீர் விழுங்கிவிடும். 532 நானோமீட்டர் பச்சை லேசர் நீரில் இறங்குமே என்று கேட்கலாம். தெளிந்த கடலில் இறங்கும். பாசியாலும் வண்டலாலும் கலங்கிய குளத்தில் சிதறிப்போகும். ஒலிக்குக் கலங்கல் பெரிய தடையல்ல; நீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடி, அடியில் பட்டு எதிரொலிக்கும். ஆனால் காற்றிலிருந்து வரும் ஒலியாற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீருக்குள் புகும். ஆகவே ஒலியால் ஆழம் அளக்கும் சோனாரைச் சிறு படகில் கட்டி, நீரில் முக்கித்தான் இழுக்க வேண்டும். அவ்வளவு சிரமம் தேவையா? தேவை. 1698-இல் முடிந்த நெடிய மொகலாய முற்றுகையைக் கோட்டை தாங்கியதில் மதிலோடு சேமித்த நீருக்கும் பங்கு உண்டு; நீர்நிலை எவ்வளவு கொள்ளும் என்பதை அதன் ஆழமே சொல்லும். ஆனால் குளத்தின் கோரை மண்டிய ஆழமற்ற ஓரங்களில் சோனாரும் ஏமாறும். அங்கே அளவுக்கம்பை ஊன்றிப் பார்ப்பதே சரி.