மூலமும் படியும்

சுந்தரரின் மணப்பந்தரில் முதியவர் ஒருவர் அடிமை ஓலையொன்றைக் காட்டினார். சினங்கொண்ட சுந்தரர் அதனைக் கிழித்தெறிந்தார். கிழிந்தது படியோலையே என்ற முதியவர், மூல ஓலையைத் திருவெண்ணெய்நல்லூர் அவையில் வைத்தார். அவையினர், காப்பிலிருந்த வேறோர் ஓலையின் எழுத்தோடு அதனை ஒப்பிட்டுத் தீர்ப்பளித்தனர் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு.

மூலம் காப்பில் இருத்தலும் படி கையில் இருத்தலும் இன்றும் மாறாத முறையாம். திருப்பெரும்புதூரை அடுத்த பென்னலூர்ப் பகுதியில் தொழிற்சாலைகள் பெருகியுள்ளன. இத்தகைய ஊர்களில் நிலத்தின் உரிமை பற்றி ஐயம் எழுமாயின், வாய்ச்சொல்லினும் பதிவேட்டின் ஒரு வரியே வலிமை பெறும்.

அவ்வரியைப் பெறுவது எங்ஙனம்? பதிவேட்டைக் காக்கும் அலுவலகத்தில், ஊர், ஆண்டு, எண் ஆகியவற்றைக் குறித்து விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்துதல் வேண்டும். அலுவலர் நகலின் அடியில் ‘உண்மை நகல்’ எனச் சான்றெழுதி, நாள், பெயர், பதவி ஆகியவற்றைக் குறித்துக் கையொப்பமும் முத்திரையும் இடுவார். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் வகுத்த இம்முறையை, 2024 சூலை முதல் நாள் அதற்கு மாற்றாக வந்த புதிய சட்டமும் மேற்கொண்டுள்ளது. சான்றில்லாத நகல் வெறுந்தாளே.

எனினும், மூலத்திலுள்ள பிழை படியிலும் தொடரும். ஆதலின், நகலைப் பெற்றவுடன் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தலும், பிழை காணின் மூலத்தையே திருத்தக் கோருதலும் அறிவுடையோர் கடனாம்.