மறுமொழி பெறும் மடல்

நுழையும்முன்

எழுதிய மடலுக்கு மறுமொழி வராதபோது, பெறுநருக்கு நம்மீது அக்கறை இல்லை என்று எண்ணிவிடுகிறோம். ஆனால், நாம் என்ன கேட்கிறோம் என்பதே பல மடல்களில் விளங்குவதில்லை. பணிமிகுந்த ஒருவர் எளிதில் மறுமொழி தரத்தக்க மடலை எழுதும் முறையை இப்பாடம் உணர்த்துகிறது.

இராமானுசன் எழுதிய மடல்

சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் எழுத்தராகப் பணியாற்றிய சீனிவாச இராமானுசன், 1913 சனவரி 16ஆம் நாள், கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு மடல் எழுதினார். அதற்குமுன் வேறு அறிஞர்களுக்கு எழுதியவை பயன் தரவில்லை. எனினும் அவர் முயற்சியைக் கைவிடவில்லை.

தம் பணியையும், பல்கலைக்கழகக் கல்வி பெறாமையையும் அம்மடலின் தொடக்கத்திலேயே சுருக்கமாகக் கூறினார். ஹார்டியின் நூலில் இருந்த ஒரு கூற்றைப் பக்க எண்ணுடன் சுட்டி, அதுபற்றித் தாம் ஆராய்ந்ததைத் தெரிவித்தார். அம்மடல் ஹார்டிக்கே உரியது என்பது இதனால் விளங்கியது. ஏறத்தாழ 120 கணித முடிவுகளைச் சான்றாக இணைத்தார். அவற்றில் மதிப்புடையவை இருப்பின் வெளியிட உதவுமாறும் அறிவுரை கூறுமாறும் வேண்டினார்.

ஹார்டி அம்முடிவுகளை லிட்டில்வுட் என்னும் அறிஞருடன் சேர்ந்து ஆராய்ந்தார். நிறுவல்களைக் கேட்டுப் பிப்ரவரி 8ஆம் நாள் மறுமொழி எழுதினார். 1914இல் இராமானுசன் இங்கிலாந்து சென்றார். அவரை உயர்த்தியது அவருடைய கணிதமே. அக்கணிதத்தை ஹார்டியிடம் சேர்த்தது மடல்.

இன்றைய மின்னஞ்சல்

மடல் மின்னஞ்சலாக மாறிய பின்னும் இந்நெறி பொருந்தும். ஊத்தங்கரையில் பயிலும் மாணவி ஒருவர், ஓசூரிலுள்ள தொழிற்சாலை ஒன்றின் மேலாளருக்கு எழுதுவதாகக் கொள்வோம்.

பொருள்: மாணவர் 30 பேர் தொழிற்சாலையைப் பார்வையிட இசைவு வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.
நான் ஊத்தங்கரையில் பதினோராம் வகுப்புப் பயில்கிறேன். எந்திர உறுப்புகள் உருவாகும் முறையை எங்கள் வகுப்பினர் 30 பேர், ஆசிரியர் இருவருடன் நேரில் காண விரும்புகிறோம். சனவரி 8 அல்லது 9ஆம் நாள் முற்பகலில் வரலாமா? தங்களுக்கு ஏற்ற நாளைத் தெரிவிக்க வேண்டுகிறேன். தலைமையாசிரியரின் கடிதத்தை இணைத்துள்ளேன்.
நன்றி.

இதற்கு மேலாளர் ஒரே வரியில் மறுமொழி தரலாம். 'தங்கள் தொழிற்சாலை பற்றிய விவரங்கள் அனைத்தையும் அனுப்புக' என்று கேட்டிருந்தால், அவர் எங்குத் தொடங்குவது என்றே அறியார். 'பிறகு பார்க்கலாம்' என ஒதுக்கிய மடல் மறக்கப்படும். ஒரு வாரத்திற்குள் மறுமொழி வராவிடில், பழைய மடலுடன் இரண்டு வரிகளில் பணிவாக நினைவூட்டலாம். நினைவூட்டுவது குற்றம் சாட்டுவதாக அமைதல் கூடாது.

பெறுநரின் நேரத்தை மதித்தலே மடலின் முதற்பண்பு. 'இதைப் படிப்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும்?' என்னும் வினாவுக்கு நம் மடலில் விடை இருத்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர் நூலகத்தின் மாலைநேரத்தை நீட்டிக்குமாறு மாவட்ட நூலக அலுவலருக்கு மின்னஞ்சல் எழுதுக. அதனை நண்பரிடம் கொடுத்து, நீங்கள் வேண்டுவது என்ன என்பதை ஒரே தொடரில் கூறச் செய்க. அவரால் கூற இயலாவிடில், மடலைத் திருத்தி எழுதுக.