மெல்பர்னில் கோடைக் கிறிஸ்துமஸ்: போவோருக்குச் சில குறிப்புகள்

மகனோ மகளோ எடுத்து அனுப்பிய டிக்கெட்டில் டிசம்பர் மூன்றாம் வாரம் மெல்பர்ன் போய் இறங்குகிறீர்களா? விமான நிலையத்திலிருந்தே கவனம் வேண்டும். சாப்பாட்டுப் பொருள் கொண்டுவருகிறீர்களா என்ற கேள்விக்குத் தயங்காமல் 'ஆம்' என்று குறியுங்கள். பருப்புப்பொடி, முறுக்கு, வடகம் எல்லாமே அதில் அடக்கம். சொல்லிவிட்டால், மிஞ்சிப்போனால் ஒரு பொட்டலம் போகும். மறைத்து மாட்டினால் அபராதம். பச்சைக் கறிவேப்பிலையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

"மதுரை வெயிலையே பார்த்தாச்சு" என்ற மிதப்பு அங்கே செல்லாது. டிசம்பரில் புற ஊதாக் கதிர் அளவு பல நாள் 10-ஐத் தாண்டும். காற்று குளுகுளுவென்று இருக்கும்போதே தோல் கருகும். தொப்பியும் சன்ஸ்கிரீனும் அவசியம், கூடவே ஒரு ஸ்வெட்டரும். உள்நாட்டுப் பாலைவெளியிலிருந்து வரும் வடக்குக் காற்று 40 டிகிரிவரை ஏற்றிவிடும். மாலையில் தென்மேற்குக் காற்று திரும்பினால் கொஞ்ச நேரத்துக்குள் பத்து டிகிரிக்கு மேல் இறங்கிவிடும்.

அதனால் காலையில் காபியோடு செய்தி பார்க்காமல் வெளியூர்ப் பயணம் கிளம்பாதீர்கள். அங்கே அது பொழுதுபோக்கு இல்லை. காட்டுத்தீ அபாயத்தை நான்கு படிகளாக அறிவிப்பார்கள். சாலையோரப் பலகையிலும் முள் காட்டும். மேல் இரண்டு படிகளில் முள் நின்றால் காட்டுப் பக்கமே போக வேண்டாம். முழுத் தீத்தடை நாளில் வெளியே விறகு, கரி அடுப்பு மூட்டுவது குற்றம். எல்லோரும் ஆசைப்படும் கிரேட் ஓஷன் ரோடு, மலைக்காட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஓடுவது. 2015 கிறிஸ்துமஸ் அன்றே அந்த வழியிலுள்ள வை ரிவர், செப்பரேஷன் க்ரீக் ஊர்களில் 116 வீடுகள் எரிந்தன. முன்கூட்டியே ஊரைக் காலி செய்ததால் உயிர்கள் தப்பின. 'விக்எமர்ஜென்சி' செயலியைக் கைபேசியில் போட்டுக்கொள்ளுங்கள். சிக்னல் கிடைக்காத இடங்களில் காரில் ஏபிசி வானொலி கைகொடுக்கும். அபாயம் என்றால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். கடல் எங்கும் போய்விடாது.

கடலில் இறங்கினால் சிவப்பு மஞ்சள் கொடி இரண்டுக்கும் நடுவில் மட்டும். முழங்கால் அளவுதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

விளக்கு அலங்காரம் பார்க்க நம் ஊர்போல ஏழு மணிக்குக் கிளம்பினால் ஏமாற்றம்தான். சூரியன் மறையவே எட்டே முக்கால் ஆகும். ஐவன்ஹோ பகுதியின் பூல்வார்ட் தெருவுக்கு ஒன்பதரைக்குப் போய், காரை எட்டவே நிறுத்திவிட்டு நடந்து பாருங்கள். 24-ஆம் தேதி இரவு சிட்னி மையர் மியூசிக் பவுல் அரங்கில் மெழுகுவர்த்தி ஏந்திப் பாடும் கேரல் நிகழ்ச்சி உண்டு. 1938-இல் தொடங்கிய வழக்கம். டிக்கெட் கிடைக்காவிட்டால் டிவியில் நேரலை வரும். பேரப்பிள்ளைகளோடு போனால் பர்க் தெரு மையர் கடையின் பொம்மை ஜன்னல்கள் போதும், செலவே இல்லை.

25 அன்று ஊரே கதவடைத்திருக்கும். பால், அரிசி, மருந்து எல்லாம் முந்தின நாளே வாங்கிவிடுங்கள். ரயிலும் டிராமும் ஓடும், அன்று கட்டணமும் கிடையாது. யாராவது மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தால் குளிர்ந்த ஹாம், இறால், பழம் குவித்த பாவ்லோவா என்று இருக்கும். சைவக்காரர்கள் முன்னமே சொல்லிவிடுவது நல்லது. கையோடு ஒரு பாத்திரம் எலுமிச்சைச் சாதம் கொண்டுபோனால் அது காலியாகத்தான் திரும்பும்.

26-ஆம் தேதித் தள்ளுபடி விற்பனைக் கூட்டத்தில் இடிபடுவதைவிட, எம்சிஜி மைதானத்தில் தொடங்கும் கிரிக்கெட் டெஸ்ட் மேல் என்பேன். கூட்டம் குறையட்டும் என்று நான்காம் நாளுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். 2025-இல் ஆஸ்திரேலியா-இங்கிலாந்து ஆட்டம் இரண்டே நாளில் முடிந்துவிட்டது. அங்கே உச்சிவெயில் வடக்கிலிருந்து அடிக்கும். ஆகவே வடக்கு ஸ்டாண்டில், கூரைக்கடியில், பின்வரிசையாகப் பார்த்துக் கேளுங்கள்.