முதலில் மெதுவாக ஓட்டப் பழகு

அன்புள்ள யாழினி,

லெட்வில் மலைச்சைக்கிள் பந்தயக் குலுக்கலில் உன் பெயர் விழுந்ததை உன் அப்பா சொன்னான். நீ போட்டு அனுப்பிய பயிற்சித் திட்டத்தையும் படித்தேன். வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து நாளும் மூச்சு முட்ட ஓட்டம். ஆர்வத்தில் குறையில்லை. ஆனால் அந்தத் திட்டம் வேறொரு பந்தயத்துக்கு உரியது. ஒலிம்பிக்கில் நீ பார்க்கும் குறுக்குநாட்டுப் பந்தயம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதில் ஏற்றங்கள் சில நிமிடத்துக்கு மேல் நீளாது. பாய்ந்து ஏறி, இறங்கும்போது மூச்சு வாங்கி, மறுபடி பாயலாம். நீ போகப்போவது கொலராடோவில் 160 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரம், 3,300 மீட்டருக்கு மேல் ஏற்றம், புறப்படும் இடமே 3,100 மீட்டர் உயரம். அதற்கு உன்னைத் தயார்செய்வது பெரும்பாலும் மெதுவான ஓட்டம்தான். இதை நீ உடனே ஏற்க மாட்டாய் என்று தெரியும். அதனால் கணக்குப் போட்டே சொல்கிறேன்.

பந்தயத்தின் நடு ஏற்றமான கொலம்பைனை எடுத்துக்கொள். ட்வின் லேக்ஸ் ஏரிப் பக்கமிருந்து 3,800 மீட்டரை ஒட்டிய உச்சி வரை, ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம், 13 கிலோமீட்டர் போல நீளம். நீ 60 கிலோ, சைக்கிளும் தண்ணீரும் உடுப்பும் சேர்ந்து 14 கிலோ என்று வைத்தால், 74 கிலோவை ஆயிரம் மீட்டர் தூக்க 726 கிலோஜூல் வேலை. இரண்டு மணி நேரத்தில் ஏறினால் புவியீர்ப்புக்கு மட்டும் 100 வாட்; சரளைப் பாதையில் சக்கரம் உருளும் உராய்வையும் சேர்த்தால் 125 வாட் அளவில் வரும். இந்த வேலைக்கு உடலில் இரண்டு ஊற்றுகள் உண்டு. ஒன்று ஆக்சிஜனைக் கொண்டு எரிப்பது. அது மணிக்கணக்கில் ஓடும், ஆனால் அதற்கு ஒரு உச்சவரம்பு உண்டு. பயிற்சியாளர்கள் த்ரெஷோல்ட் என்கிறார்களே, அதுதான். மற்றொன்று அந்த வரம்புக்கு மேலே போகும்போது கைகொடுக்கும் சிறு கையிருப்பு. நல்ல பயிற்சி உள்ளவர்களுக்கும் இது பொதுவாக 10 முதல் 20 கிலோஜூல்தான். மொத்தத்தையும் கொட்டிச் செலவழித்தாலும் கொலம்பைன் கேட்கும் வேலையில் நூற்றுக்கு மூன்று பங்கைத் தொடாது. நீ வாரம் ஐந்து நாள் மூச்சு முட்ட ஓட்டி வளர்க்கப் பார்ப்பது பெரும்பாலும் அந்த மூன்று பங்கை. மீதி தொண்ணூற்றேழையும் தர வேண்டியது முதல் ஊற்று.

அந்தக் கையிருப்பு எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதையும் பார். நீ இருக்கும் டாலஸில் உன் த்ரெஷோல்ட் 170 வாட் என்று எழுதியிருந்தாய். 200 வாட்டில் ஏறினால் வினாடிக்கு 30 ஜூல் கையிருப்பிலிருந்து போகும். 15 கிலோஜூல் இருந்தால் எட்டு நிமிடத்தில் காலி. திரும்ப நிரம்ப வேண்டுமானால் வரம்புக்கு நன்றாகக் கீழே இறங்கி ஓட்ட வேண்டும், அதுவும் மெல்லத்தான் நிரம்பும். சமவெளியில் ஒரு இறக்கமோ சிக்னலோ அந்த ஓய்வைத் தந்துவிடும். நீண்ட ஏற்றத்தில் பெடலை விட்டால் சைக்கிள் நின்றுவிடும். இன்னொரு சிக்கல் உயரம். 3,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் நூற்றுக்கு எழுபது அளவுதான். கொலம்பைன் உச்சியருகே, சமவெளியிலிருந்து வருபவரின் ஆக்சிஜன் திறன் ஐந்தில் ஒரு பங்கு குறைவதாக வைத்துக்கொண்டால், உன் 170 அங்கே 136 ஆகிவிடும். டாலஸில் ஒரு மணி நேரம் தாங்கிய அதே உழைப்பு அங்கே ஏழெட்டு நிமிடத்தில் உன்னைச் சைக்கிளை விட்டு இறக்கிவிடும். ஏற்றம் கேட்பது 125, உன்னிடம் இருப்பது 136. இந்த இடுக்கில் விளையாட இடமே இல்லை. உனக்கு வேண்டியது அந்த 136 இன்னும் உயர்வது. அதைவிட முக்கியம், ஐந்தாறு மணி நேரம் ஓட்டிய பிறகும் அது கீழே சரியாமல் இருப்பது.

இரண்டையும் தருவது நீண்ட, இலகுவான ஓட்டம். தசையில் ஆக்சிஜனை வாங்கி எரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுவது, நுண்ணிய இரத்தக் குழாய்கள் கூடுவது, சர்க்கரையைச் சேமித்துக் கொழுப்பை அதிகமாக எரிக்கப் பழகுவது, எல்லாமே மணிக்கணக்கான சீரான உழைப்பில் வளர்பவை. கடுமையான ஓட்டத்திலும் இவை வளரும். ஆனால் கடுமையாக ஒரு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஓட்டிவிட முடியும்? நார்வேயில் பணியாற்றும் ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர், படகோட்டிகள், பனிச்சறுக்கு வீரர்கள், சைக்கிள் வீரர்கள் எனப் பல துறை உச்ச வீரர்களின் பயிற்சிப் பதிவுகளை ஆராய்ந்தார். அவர்களுடைய பயிற்சி அமர்வுகளில் ஐந்தில் நான்கு, பேசிக்கொண்டே செய்யக்கூடிய அளவுக்கு இலகுவானவை. மீதி ஒன்றுதான் கடுமையானது. வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு பயிற்சியாளர்களிடம் வளர்ந்தவர்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இலகு என்றால் எது என்று மானியைப் பார்த்துக் குழம்பாதே. முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா, மூக்கால் மூச்சு விட முடிகிறதா, அதுதான் இலகு. நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமை போகும் ஓட்டத்தில் இது நடக்காது. ஒருவர் முந்துவார், மற்றவர் துரத்துவார், மூன்று மணி நேரமும் இலகுவும் இல்லாமல் கடுமையும் இல்லாமல் போகும். அயர்ச்சி முழுதாக வரும், பலன் பாதிதான் வரும். அந்தக் கூட்டத்தை மாதம் ஒருமுறை வைத்துக்கொள், போதும்.

"உச்ச வீரர்கள் வாரம் இருபது மணி நேரத்துக்கு மேல் ஓட்டுகிறார்கள், எனக்கு இருப்பது எட்டோ பத்தோ மணி நேரம், அந்த விகிதம் எனக்கு எப்படிப் பொருந்தும்?" என்று கேட்பாய். நியாயமான கேள்வி. நேரம் குறைவாக உள்ளவர் கடுமையின் பங்கைச் சற்றுக் கூட்டலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூட்டுவது என்பது வாரம் இரண்டு அமர்வு, ஐந்து அல்ல. அந்த இரண்டிலும் த்ரெஷோல்டுக்குச் சற்றுக் கீழே இருபது நிமிடம் வீதம் இரண்டு தடவை, பிறகு மூன்று தடவை. மிச்ச நாட்களில் ஒரு நாள் நீளமாகப் போக வேண்டும்: மூன்று மணியில் தொடங்கி, பந்தயத்துக்கு ஒன்றரை மாதம் முன்பு ஆறு மணி வரை. அந்த நீண்ட ஓட்டத்தின் கடைசி மணி நேரத்தில் மட்டும் இருபது நிமிடம் அழுத்தி ஓட்டிப் பார். களைத்த கால் என்ன தருகிறது என்பதை அது சொல்லிவிடும். புதுக்காலோடு ஓட்டி எடுத்த எண்ணை நம்பி லெட்வில்லுக்குப் போகாதே. தசைவலுப் பயிற்சியையும் சேர்த்துக்கொள். கனமான எடையோடு செய்யும் ஸ்குவாட் சைக்கிள் ஓட்டத்துக்கு உதவுகிறது என்பதற்கு நார்வேயின் ரான்னஸ்டாட் குழுவினர் நல்ல சான்று தந்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் வாரம் இரண்டு நாள், கோடையில் ஒரு நாள். அதைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஜிம்மில் இருப்பவர் என்னைவிடச் சரியாகச் சொல்லித் தருவார்.

"டாலஸில் மலையே இல்லையே?" என்பது அடுத்தது. மலை தருவதில் முக்கியமானது சரிவு அல்ல, இடைவிடாத மிதி. சமவெளியில் மூன்று மணி நேரம் ஓட்டியதாகக் குறித்துவைப்போம். அதில் சுமார் அரை மணி நேரம் பெடல் சும்மா நின்றிருக்கும். ஆகவே தூரத்தையும் மொத்த நேரத்தையும் விட்டுவிட்டு, நிறுத்தாமல் மிதித்த நேரத்தை எண்ணு. எதிர்காற்றில் ஏரிக்கரைச் சாலையிலோ, வீட்டு டிரெய்னரிலோ, முதலில் நாற்பது நிமிடம், பிறகு ஒன்றரை மணி நேரம் ஒரு சுற்றுக்கூட விடாமல் மிதி. டிரெய்னரில் முன்சக்கரத்தை ஒரு கட்டைமேல் தூக்கி வைத்தால், சீட்டின் முனைக்கு நகர்ந்து முழங்கையை மடக்கி உட்காரும் அந்த இருக்கையும் இடுப்புக்குப் பழகும். மின்விசிறி மட்டும் பெரிதாக இருக்கட்டும். டிரெய்னர் சொல்லித்தராத ஒன்று உண்டு. சரளையில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும். ரொம்பப் பின்னால் உட்கார்ந்தால் முன்சக்கரம் தூக்கும். இந்த நடுநிலையை மண்ணில்தான் கற்க முடியும். மாதம் ஒரு வார இறுதியாவது ஆர்க்கன்சாவின் வாஷிட்டா மலைக் காட்டுச் சாலைகளுக்குப் போய் வா.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. லெட்வில்லில் முதல் ஏற்றமான செயின்ட் கெவின்ஸ் புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே வந்துவிடும். புதியவர்கள் பின்வரிசையில் நிற்பார்கள், பாதை நெருக்கும், தொடக்கத்திலேயே பாய்ந்து முன்னால் போகாவிட்டால் முட்டுக்கட்டைதான் என்பார்கள். முட்டுக்கட்டை உண்மைதான். ஆனால் அதனால் போவது சில நிமிடம். அந்தச் சில நிமிடத்துக்காகக் கையிருப்பை மூன்று நான்கு முறை காலி செய்தால் அது சர்க்கரையையும் சேர்த்தே எரித்துவிடும். உடலில் சேமித்த சர்க்கரை மொத்தம் 1,600 முதல் 2,000 கலோரிக்குத்தான் வரும். வேகம் கூடக்கூடக் கொழுப்பை விட்டு அதைத்தான் உடல் எரிக்கும். வயிறும் சாப்பிட்டதை ஏற்க மறுக்கும். விலை உடனே தெரியாது. போன பாதையிலேயே திரும்பி வரும் பந்தயம் இது; 130 கிலோமீட்டர் அளவில் பவர்லைன் என்ற ஏற்றம் காத்திருக்கிறது. அதன் அடிப்பகுதி அவ்வளவு செங்குத்து, நல்ல ஓட்டிகளே இறங்கித் தள்ளுவார்கள். உச்சி வந்துவிட்டது என்று நினைக்கும்போதெல்லாம் இன்னொரு மேடு எழும். காலையில் செலவழித்ததற்கு அங்கேதான் கணக்குத் தீரும். 2008-இல் இதே பந்தயத்தில் டேவ் வீன்ஸ், நாற்பதைத் தாண்டிய கொலராடோக்காரர், லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கோடு கடைசிக் கட்டம் வரை சேர்ந்தே வந்து, முடிவுக்குச் சற்று முன்புதான் பிரிந்து போனார். அது அவருக்குத் தொடர்ந்து ஆறாவது வெற்றி. ஒரு பந்தயத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது. வீன்ஸ் மலையிலேயே வாழ்ந்தவர், அடுத்த ஆண்டு ஆர்ம்ஸ்ட்ராங் அவரை முந்தியும் விட்டார். இருந்தாலும் அந்த வெற்றி எந்த மணி நேரத்தில் முடிவானது என்பதைக் கவனி. நெரிசலில் முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டியே போக வாரம் ஒருமுறை அரை நிமிடப் பாய்ச்சல் நாலைந்து செய். அதற்கு மேல் அந்தப் பயத்துக்கு இடம் கொடுக்காதே.

எடை குறைப்பதைப் பற்றியும் எழுதியிருந்தாய். கணக்கு இதோ: ஒரு கிலோ குறைந்தால் 74-இல் ஒன்று, அதாவது இரண்டு மணி நேர ஏற்றத்தில் ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல். சும்மா கிடைத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் பயிற்சிக் காலத்தில் பட்டினி கிடந்து பெற்றால் அது சும்மா கிடைத்ததல்ல. தேவைக்குக் குறைவாகச் சாப்பிட்டுக் கடுமையாக ஓட்டும் பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவதும் எலும்பு பலவீனமாவதும் நன்கு அறியப்பட்டவை. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதைத் தனியாக எச்சரித்தது. பெரியப்பா இதையெல்லாம் எழுதுகிறாரே என்று கூச்சப்படாதே. அப்படி ஒரு மாதம் தள்ளினால் பயிற்சியைக் குறை, சாப்பாட்டைக் கூட்டு, மருத்துவரைப் பார். ஓட்டும்போது மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், முடிந்தால் 80. வாழைப்பழம், உப்புப் போட்ட வேகவைத்த உருளைக்கிழங்கு, ஜெல், எது ஒத்துவருகிறதோ அது. நீண்ட ஓட்டத்தில் காலுக்குப் பயிற்சி தருவதுபோல வயிற்றுக்கும் தர வேண்டும். இதுவும் மெதுவாக ஓட்டினால்தான் முடியும்.

கடைசியாகச் செலவு விஷயம். உன் சைக்கிளில் முன்னால் 32 பல், பின்னால் பெரியது 51. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல் போயே ஆக வேண்டும். பன்னிரண்டு சதவீதச் சரிவில் நீ வைத்திருக்கும் வாட் அதற்குப் போதாது, நீ கேட்காமலேயே வரம்பைத் தாண்டிவிடுவாய். முன்னால் 28 பல் போட்டால் அதே சுற்றுக்கு நாலரை கிலோமீட்டர். "அது ரொம்பச் சின்னது, தட்டையில் பின்தங்குவேன்" என்று கடைக்காரர் சொல்லக்கூடும். தட்டையில் யாருடைய பின்னாலாவது ஒட்டிக்கொள்ளலாம். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடித்தால் வெள்ளி பெல்ட் பக்கிள் உண்டு. உன் இலக்கு இந்த ஆண்டு அதுதான், ஒன்பது மணி நேரத்துப் பெரிய பக்கிள் அல்ல. ஆகஸ்டில் பந்தயத்துக்கு இரண்டு வாரமாவது முன்னால் லெட்வில் போய்ச் சேர விடுப்பை இப்போதே எழுதிப் போடு. பவர்லைனுக்காக, சைக்கிள் ஓட்டும் காலணியோடு சைக்கிளைத் தள்ளி ஏறுவதையும் மூன்று நான்கு முறை பழகிக்கொள். கெண்டைக்காலுக்கு அது புதிது. திருத்திய திட்டத்தை எனக்கு அனுப்பு, அதில் எத்தனை இலகு நாள் இருக்கிறது என்றுதான் முதலில் எண்ணிப் பார்ப்பேன்.

அன்புடன்,
பெரியப்பா