செம்பனைக் காட்டில் வேலைக்கு வந்த வண்டு

தோட்டத்தில் வளர்ந்த பாட்டி யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், செம்பனைப் பூவுக்கு மகரந்தம் தூவிய வேலையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 1981-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

1960-களில் ரப்பர் விலை சரியவே, பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. மரம் செழித்தது, குலைதான் ஏமாற்றியது. பல பூக்கள் காயாகாமலேயே அழுகின. காரணத்தை அறிய அந்த மரத்தின் பழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே செம்பனை மரம் ஆண் பூங்கொத்தையும் பெண் பூங்கொத்தையும் தரும். ஆனால் இரண்டையும் ஒரே சமயத்தில் தருவது அரிது. சில மாதம் ஆண், சில மாதம் பெண் என்று மாறி மாறி வரும். ஆகவே, மகரந்தம் வேறொரு மரத்திலிருந்துதான் வர வேண்டும். பெண் பூ அதை ஏற்பதோ இரண்டு மூன்று நாள்தான்.

எனவே தொழிலாளர்கள் நிரை நிரையாக நடந்து, முள் நிறைந்த மட்டைகளுக்கு நடுவே கையை நுழைத்து, பூவை மூடியிருக்கும் பாளையை விலக்கி, டால்கம் தூளோடு கலந்த மகரந்தத்தைப் பீய்ச்சினார்கள். இரண்டு மூன்று நாளில் அதே நிரைக்குத் திரும்ப வர வேண்டும். ஒரு சுற்று தவறினால் அந்தப் பூ வீண்.

செம்பனையின் மகரந்தத்தைக் காற்றே சுமக்கிறது என்றுதான் அக்காலப் பாடநூல்கள் சொல்லின. யூனிலீவர் தோட்ட நிர்வாகி லெஸ்லி டேவிட்சன் அதை நம்பவில்லை. அவர் முன்பு கேமரூனில் வேலை செய்தவர். அங்கே கை படாமலே குலை நிறையக் காய்த்ததையும், பூக்களில் சிறு வண்டுகள் மொய்த்ததையும் கண்டவர். பூச்சியியல் அறிஞர் ரகுமான் சையத் கேமரூனுக்கு அனுப்பப்பட்டார். முக்கிய வேலையைச் செய்வது காற்றல்ல, பூச்சிகளே என்று அவர் நிறுவினார். அவற்றில் சிறந்தது ஒரு கூன்வண்டு: இலேயிடோபியஸ் கேமரூனிகஸ்.

ஆண் பூ மலரும்போது சோம்பு வாசம் வீசும். வண்டு அங்கேதான் உண்ணும். வாடிய ஆண் பூவில்தான் முட்டையிடும். பெண் பூவும் அதே வாசத்தை வீசுகிறது. உணவு இருக்கும் என்று நம்பி வரும் வண்டு, உடலில் ஒட்டிய மகரந்தத்தை உதிர்த்துவிட்டு வெறும் வயிற்றோடு திரும்புகிறது. கூலி கொடுக்காமல் வேலை வாங்கும் பூ!

வெளிநாட்டுப் பூச்சியைக் கொண்டு வருவது விளையாட்டல்ல. அது நெல்லையோ தென்னையையோ தின்னத் தொடங்கினால் என்ன செய்வது? செம்பனை ஆண் பூ இல்லாமல் அது இனம் பெருக்காது என்பதைப் பல பயிர்களில் சோதித்து உறுதி செய்த பிறகே, 1981-இல் ஜொகூர், குளுவாங் வட்டாரத் தோட்டத்தில் அதைப் பறக்கவிட்டார்கள். முட்டையிலிருந்து முழு வண்டாக வளர இரண்டு வாரமே போதும். விரைவிலேயே நாடெங்கும் பரவியது. குலைகள் நிறைந்தன; கையால் தூவும் வேலை நின்றது. அந்த வேலையின் கூலியும் அத்தோடு போயிற்று. சாதனைக் கணக்கில் இந்த வரியை யாரும் எழுதுவதில்லை.

வண்டு வந்ததால் எலிக்கும் விருந்து கிடைத்தது. ஆண் பூவைக் கிழித்து அதன் புழுக்களைத் தின்னக் கற்றுக்கொண்டது. பல தோட்டங்களில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை எலி பிடிக்கும் கூகைக்காக வைத்த கூடுகள்.

இளம் தோட்டங்களில் ஆண் பூ குறைவு. ஆகவே வண்டும் குறைவு. அப்படிப்பட்ட இடங்களில் வாடிய ஆண் பூக்களைப் பெட்டியில் அடைத்து, வண்டு பொரிந்து வெளியேறும் வழியில் மகரந்தத்தைப் பரப்பி வைக்கிறார்கள். அந்தப் பெட்டியைக் கவனிக்க இன்றும் ஓர் ஆள் வேண்டும்.